அயல் மீன் ஓர் ஏரியில் வேர்பிடிப்பது எப்படி

ஏரியில் அதுவரை யாரும் பார்த்திராத மீன் ஒன்று வலையில் ஏறினால், "இது எங்கிருந்து வந்தது?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் அதைவிட அவசரமாகத் தெரிய வேண்டியது, அந்த மீன் இந்த ஏரியிலேயே குஞ்சு பொரித்துத் தேறுகிறதா என்பது. வெளியிலிருந்து வரும் மீன்களில் பல, வந்த தலைமுறையோடு முடிந்துவிடுகின்றன. சில மட்டுமே நிலைக்கின்றன. எது நிலைக்கும், எது போகும் என்பதைப் பெரிய மீனின் எடையைப் பார்த்துச் சொல்ல முடியாது. முட்டை விழும் இடத்தையும் குஞ்சின் முதல் சில வாரங்களையும் பார்த்தால்தான் விளங்கும்.

இதற்குப் புல்கெண்டையைவிட நல்ல உதாரணம் கிடையாது. நீர்க்களையைத் தின்று ஒழிக்கும் என்று பல நாடுகளில் இந்த மீனை ஏரிகளில் விட்டிருக்கிறார்கள். பத்து ஆண்டுக்கு மேல் வாழும், பத்து கிலோவைத் தாண்டும், காலம் வந்தால் வயிறு நிறையச் சினை பிடிக்கும். ஆனாலும் பெரும்பாலான ஏரிகளில் ஒரு குஞ்சுகூடக் கிடைக்காது. காரணம் முட்டையில் இருக்கிறது. வெளியே வந்ததும் நீரை உறிஞ்சி உப்பும் அந்த முட்டை தண்ணீரைவிட ஒரு மயிரிழை கனமானது. ஓடும் நீர் அதைத் தூக்கிப் பிடித்தபடி கொண்டுபோக வேண்டும். நீர் 25 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தால் பொரிக்க ஒரு நாள், ஒன்றரை நாள் ஆகும். அதுவரை நிற்காமல் உருண்டுகொண்டே இருக்க நீளமான ஆறு வேண்டும். நிற்கும் நீரில் விழுந்தால் அடிச்சேற்றில் படிந்து மூச்சுமுட்டிச் செத்துப்போகும். ஆகவே ஏரியில் புல்கெண்டை இருக்கிறது என்பதாலேயே பயந்துவிட வேண்டியதில்லை. ஏரிக்குள் விழும் ஆறு தடுப்பணை இல்லாமல் எவ்வளவு தூரம் ஓடிவருகிறது என்று பார்த்த பிறகுதான் கவலையா இல்லையா என்று சொல்ல முடியும்.

வெள்ளிக்கெண்டைக்கும் இதே வகை முட்டைதான். இமாச்சலப் பிரதேசத்தின் கோவிந்த்சாகர் நீர்த்தேக்கத்தில் 1971இல் வெள்ளத்தோடு ஒரு மீன் பண்ணையிலிருந்து வெள்ளிக்கெண்டை புகுந்தது. யாரும் திட்டமிட்டு விடவில்லை. அங்கே அதற்குச் சட்லெஜ் ஆற்றின் ஓட்டமும் பழகிய குளிர்ந்த நீரும் சேர்ந்து கிடைத்தன. சில ஆண்டுகளிலேயே பிடிபடும் மீனில் அதுவே மேலோங்கியது, அதே மிதவை உணவை நம்பியிருந்த கட்லா பின்னுக்குப் போனது. அந்த இரண்டும் அங்கே சேர்ந்து அமையாமல் இருந்திருந்தால், வந்த மீன்கள் கிழடாகிச் செத்ததோடு கதை முடிந்திருக்கும்.

வந்து சேர்வதும், உயிர் பிழைப்பதும், முட்டையிடுவதும் தனித்தனிக் கட்டங்கள். மூன்றும் நடந்தும் மீன் நிலைக்காமல் போகலாம். ஏரியில் பிறந்த குஞ்சு அங்கேயே வளர்ந்து, அது இடும் முட்டையும் தேறி வந்தால்தான் குடியேறிவிட்டது என்று கணக்கு.

முதலில் வருகை. வளர்ப்புக்கு வாங்கிய குஞ்சுப் பைகளில் கலந்து வருவது, பண்ணைக் குளம் உடைந்து வெள்ளத்தில் தப்புவது, தொட்டியில் வளர்த்தவர்கள் மனம் கேட்காமல் ஏரியில் விடுவது, தூண்டில் இரைக்கு வைத்திருந்த மீதியைக் கொட்டுவது, புண்ணியம் என்று விடுவது, கப்பலின் சமநிலை நீரில் பயணிப்பது என்று வழிகள் பல. வழி எதுவானாலும் எத்தனை மீன் வந்தது என்பதோடு எத்தனை தடவை வந்தது என்பதும் முக்கியம். ஒரே நாளில் ஆயிரம் மீன் விழுந்தால், அன்று நீரில் ஆக்ஸிஜன் குறைவாக இருந்தாலே எல்லாம் போய்விடும். மாதம் ஐம்பது என்று இருபது மாதம் விழுந்தால், அதில் ஏதோ ஒரு மாதம் சரியான பருவமாக அமைந்துவிடும். சின்னச் சின்னக் கசிவுகளை அலட்சியப்படுத்தக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

எத்தனை மீன் வந்தால் ஆபத்து என்பது இனத்துக்கு இனம் மாறும். கூட்டமாகச் சேர்ந்து முட்டையும் விந்தும் நீரில் விடும் மீன் என்றால், ஆயிரம் ஹெக்டேர் ஏரியில் இருபது மீன் ஒன்றையொன்று சந்திப்பதே கஷ்டம். கம்பூசியா, கப்பி போன்ற குட்டிபோடும் மீன்களுக்கு அந்தத் தடையே இல்லை. ஒருமுறை இணைந்த பெண் மீன், விந்தைப் பல மாதம் உடலிலேயே சேமித்து வைத்துக்கொண்டு தவணை தவணையாகக் குட்டி போடும். அதாவது ஒரே ஒரு பெண் மீன் போதும். கொசுவை ஒழிக்கவென்று உலகம் முழுக்கக் கொண்டுபோன கம்பூசியா இத்தனை இடங்களில் ஒட்டிக்கொண்டதற்கு இது ஒரு பெரிய காரணம்.

குஞ்சுப் பையில் கலப்படம் பார்க்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலோர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். ஒரே பையில் கை விட்டு அள்ளிப் பார்ப்பது போதாது. எல்லாப் பைகளிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, இரண்டு விரல் ஆழத்துக்கு நீர் ஊற்றிய வெள்ளைத் தட்டில் விட்டு, ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்க வேண்டும். நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் வேற்று மீன் கலந்திருந்தால், 100 குஞ்சு மட்டும் பார்ப்பவர் மூன்றில் ஒரு தடவைக்கு மேல் அதைக் காணாமலே விடுவார். 300 பார்த்தால் இருபதில் ஒரு தடவைதான் தப்பும். கெளுத்தி வகைக்கு மீசை காட்டிக்கொடுக்கும். திலாப்பியா என்னும் ஜிலேபிக் கெண்டையின் குஞ்சுக்கு முதுகுத் துடுப்பின் பின்பகுதியில் ஒரு கரும்புள்ளி இருக்கும், தட்டை லேசாக ஆட்டித் துடுப்பை விரிக்க வைத்தால் தெரியும். இரண்டு சென்டிமீட்டருக்குக் கீழே உள்ள குஞ்சில் இந்த அடையாளங்கள் சரியாகத் தெரியாது. விரலளவு வளர்ந்த குஞ்சாகவே கேட்டு வாங்குங்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி முட்டை விழும் இடம். ஜிலேபிக் கெண்டை நுழைந்த ஏரியில் நீர் வற்றும் நாளில் கரையோரம் நடந்து பாருங்கள். இடுப்பளவு நீர் இருந்த இடத்தில், சேற்றில் தட்டுத் தட்டாக வட்டக் குழிகள் தெரியும். விளிம்பு மேடாக, நடுவில் மண் சுத்தமாக வழித்தெடுத்தது போல் இருக்கும். ஆண் மீன் வாயாலேயே சேற்றைக் கவ்விக் கவ்வித் துப்பித் தோண்டியது அது. பெண் அங்கே முட்டையிட்டு, உடனே அதை வாய்க்குள் அள்ளிக்கொண்டு போய்விடும். வலையில் சிக்கிய பெண் மீனின் தொண்டை தொளதொளவென்று பை போல் இருந்தால், கீழே ஒரு கிண்ணம் வைத்து மெதுவாக வாயைத் திறந்து பாருங்கள். பேரிக்காய் வடிவில் மஞ்சள் முட்டைகளோ, கண் முளைத்து, முட்டையின் மிச்ச உணவைத் தாங்கிய மஞ்சட்பை தொங்கும் நுண்குஞ்சுகளோ கொட்டும். வலையை உதறி எடுக்கும்போதே துப்பிவிடும் என்பதால், மீனைக் கூடையில் போட்ட பிறகு பார்த்தால் வாய் காலியாகத்தான் இருக்கும். இதனாலேயே "எல்லாம் சினையில்லாத மீன்" என்று தவறாகக் குறித்துவைக்கிறார்கள்.

நீர்த்தேக்கங்களில் இந்த மீன் இவ்வளவு சுலபமாகக் குடியேறுவதன் சூட்சுமமும் அந்த வாய்க்குள்தான் இருக்கிறது. மதகு திறந்து மட்டம் திடீரென்று இறங்கினால், கரையோரப் புல்லில் முட்டையை ஒட்டவைக்கும் மீன்களின் முட்டை வெயிலில் காய்ந்துபோகும். ஜிலேபிக் கெண்டையின் குழியும் காய்ந்துதான் போகும், ஆனால் முட்டை அங்கே இல்லை. தாயோடு ஆழத்துக்குப் போய்விட்டது. மொசாம்பிக் திலாப்பியா நெருக்கடியான நீரில் விரல் நீளத்திலேயே, சில மாத வயதிலேயே பருவத்துக்கு வந்துவிடும். ஒரு தடவைக்குச் சில நூறு முட்டைதான். ஆனால் வெதுவெதுப்பான நீரில் ஒன்று, ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை இடும். அதைத் தடுப்பது குளிர். 20 டிகிரிக்குக் கீழே இனப்பெருக்கம் நின்றுவிடும், 10 டிகிரியை நெருங்கினால் செத்து மிதக்கும். குளிர்காலம் உள்ள ஊர்களில் மின்நிலையத்தின் சுடுநீர் விழும் ஒரு மூலை இருந்தால் அங்கே ஒதுங்கித் தப்பிவிடும். அந்த மூலையை முதலில் தேடுங்கள்.

சாதாக் கெண்டை இதற்கு நேர் எதிர். பெண் மீன் எடையில் கிலோவுக்கு ஒரு லட்சம், இரண்டு லட்சம் என்று முட்டை இடும். தண்ணீரில் மூழ்கிய புல்லிலும் களையிலும் ஒட்டிக்கொண்டு, வெப்பத்தைப் பொறுத்து இரண்டு முதல் ஐந்து நாளில் பொரிக்கும். இவ்வளவு முட்டை இருந்தும் பல ஏரிகளில் வருடக்கணக்காக ஒரு இளமீன்கூடச் சேர்வதில்லை. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநில ஏரிகளில் இதை நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறார்கள். ப்ளூகில் என்ற சிறு நாட்டு மீன் கெண்டையின் முட்டையையும் நுண்குஞ்சையும் தேடித் தேடித் தின்றுவிடுகிறது. ஆனால் ஏரியோடு இணைந்த ஆழமில்லாச் சதுப்புகளில் குளிர்காலப் பனிக்கட்டிப் போர்வையின் கீழ் ஆக்ஸிஜன் தீர்ந்து ப்ளூகில் செத்துவிடும். வசந்தத்தில் கெண்டைகள் அந்தக் காவலற்ற சதுப்புக்குப் போய் முட்டையிட்டுத் திரும்புகின்றன. குஞ்சுகள் அங்கே வளர்ந்து ஏரிக்கு வருகின்றன. ஏரி முழுக்க வலை வீசிக்கொண்டிருந்தவர்களுக்குக் கெண்டை எங்கிருந்து வருகிறதென்று புரியாமல் போனது இதனால்தான். அந்தச் சதுப்பின் வாய்க்காலில் ஒரு தடுப்பு வைப்பது, ஏரியில் நூறு இழுப்பு இழுப்பதைவிட மேல்.

பொரித்த பிறகும் ஒரு கண்டம் உண்டு. மஞ்சட்பை தீர்ந்ததும் சில நாட்களுக்குள் குஞ்சின் சின்ன வாய்க்குள் போகிற அளவில் இரை கிடைக்க வேண்டும். பெரும்பாலும் ரோட்டிஃபர் போன்ற கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்கள்தான் முதல் இரை. அது பெருகியிருக்கும் வாரமும் குஞ்சு வாய் திறக்கும் வாரமும் ஒன்றாக அமையாவிட்டால் லட்சக்கணக்கில் சாகும். கழிவுநீர் கலந்து பச்சையாகிப்போன ஏரிகளில் இந்தச் சிற்றிரைக்குப் பஞ்சமே இராது. கெட்டுப்போன ஏரியில் அயல் மீன் எளிதில் ஒட்டிக்கொள்வதற்கு இது ஒரு காரணம், நாட்டு மீன்கள் அங்கே முன்பே குறைந்துபோயிருப்பது இன்னொரு காரணம்.

"இருபது வருடமாக இருக்கிறது, ஒன்றும் ஆகவில்லையே" என்று சொல்பவர்கள் விக்டோரியா ஏரியை நினைக்க வேண்டும். கிழக்கு ஆப்பிரிக்காவின் அந்தப் பேரேரியில் நைல் பெர்ச் என்ற பெரிய வேட்டை மீன் 1950களில் விடப்பட்டது. 1970களிலும்கூட அங்கே மீன் எடையில் பெரும்பகுதி ஹாப்ளோகுரோமிஸ் என்ற சிறு மீன் கூட்டம்தான். 1980களின் தொடக்கத்தில் நைல் பெர்ச் வெடித்துப் பெருகியது. சுமார் 500 வகைச் சிறுமீன்களில் 200 வரை மறைந்துபோனதாக மதிப்பிடுகிறார்கள். ஏன் அத்தனை காலம் அடங்கியிருந்தது? எங்களுக்கு நம்பத்தகுந்ததாகப் படும் விளக்கம் இதுதான்: அந்தச் சிறுமீன்களே நைல் பெர்ச்சின் முட்டையையும் நுண்குஞ்சையும் தின்றும், அதன் இரைக்குப் போட்டியிட்டும் அமுக்கி வைத்திருந்தன. மனிதர்கள் அவற்றை அளவுக்கு மீறிப் பிடித்தார்கள், ஏரி நீரும் கெட்டது. பூட்டு கழன்றது. அமைதியாக இருக்கும் அயல் மீனை ஏரியின் நாட்டு மீன்கள்தான் அடக்கி வைத்திருக்கக்கூடும். அவற்றைப் பிடிப்பதில் அளவு வேண்டும் என்பது இங்கேயும் பொருந்தும்.

எல்லா இடத்திலும் இப்படிக் காத்திருப்பு இருக்காது. பனாமாவின் காட்டூன் ஏரியில் மயில் பாஸ் மீன் 1967 வாக்கில் நுழைந்தது. கூட்டையும் குஞ்சையும் தாயும் தந்தையும் சேர்ந்து காவல் காக்கும் மீன் அது. அத்தகைய வேட்டைக்காரனை அறியாத அந்த ஏரி மீன்கள் சில ஆண்டுகளிலேயே சூறையாடப்பட்டன.

சரி, குடியேறிவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? செவுள்வலை மட்டும் போட்டால் ஏமாந்துபோவீர்கள். ஒரே கண்ணளவு வலை ஒரே அளவு மீனைத்தான் பிடிக்கும். ஐரோப்பாவில் ஏரிக் கணக்கெடுப்புக்கென்று தரப்படுத்திய வலை 30 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் உயரம். அதில் 5 மில்லிமீட்டர் முதல் 55 மில்லிமீட்டர் வரை 12 விதக் கண்ணளவுத் துண்டுகள் கோத்திருக்கும். அப்படியொன்று கிடைக்காவிட்டால் நான்கைந்து கண்ணளவு வலைகளைச் சேர்த்துப் போடலாம். ஆனாலும் ஐந்து சென்டிமீட்டருக்குக் கீழான குஞ்சுக்குச் செவுள்வலை உதவாது. 10 முதல் 15 மீட்டர் நீளமும் 4, 5 மில்லிமீட்டர் கண்ணும் உள்ள கரை இழுவலைதான் வேண்டும். ஏரியைச் சுற்றிப் பத்து இடங்களைக் குறித்துக்கொண்டு, மாதம் ஒருமுறை அதே இடங்களில் அந்திக்குப் பின் இழுங்கள். இழுக்க வசதியான மணற்கரையாகப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதுதான் வழக்கமான பிழை. குஞ்சு ஒளிந்திருப்பது களை மண்டிய கரையில். அங்கே வலை ஓடாவிட்டால் கைவலையால் அரித்து எடுங்கள். ஒன்றும் கிடைக்காத இழுப்பையும் தேதியோடு எழுதிவையுங்கள். பிறகு கணக்குப் பார்க்கும்போது அந்தப் பூஜ்யங்கள் இல்லாமல் எதுவும் சொல்ல முடியாது.

பிடித்த மீனை மூக்கிலிருந்து வால் நுனி வரை அளந்து, ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு கட்டமாகக் கட்டம் போட்டு நிரப்புங்கள். எல்லாம் 30 சென்டிமீட்டருக்கு மேலே குவிந்திருந்தால், வெளியிலிருந்து வந்தவை வளர்ந்துகொண்டிருக்கின்றன என்று பொருள். 3, 9, 15, 30 என்று பல அளவில் மேடுகள் தெரிந்தால் பல தலைமுறை இருக்கிறது. குளிர்காலம் உள்ள ஊரில் செதிலிலும், காதுக்குள் இருக்கும் சிறு கல்லான செவிக்கல்லிலும் ஆண்டு வளையம் எண்ணி இதை உறுதிசெய்யலாம். வருடம் முழுக்க வெப்பமான ஊரில் வளையம் தெளிவாக விழாது, மேடுகளும் ஒன்றோடொன்று கலந்துவிடும். அங்கே நம்பக்கூடியது ஒன்றுதான்: வளர்ப்புக் குஞ்சு எதுவும் விடாத மாதங்களிலும் மூன்று சென்டிமீட்டர்க் குஞ்சு தொடர்ந்து கிடைக்கிறதா? கிடைத்தால் குடியேறிவிட்டது.

நீரில் மிதக்கும் டிஎன்ஏவைச் சோதிப்பது இப்போது பரவலாகியிருக்கிறது. ஒன்றிரண்டு லிட்டர் நீரை நுண்துளை வடிதாளில் வடித்து, குளிரவைத்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்புவார்கள். அரிதான மீன் வந்ததா என்று மோப்பம் பிடிக்க இது அருமையான கருவி. ஆனால் பறவையின் எச்சம், செத்த மீன், படகில் ஒட்டிவந்த நீர் எதிலிருந்தும் அந்த டிஎன்ஏ வரலாம். உயிரோடு இருக்கிறது என்றோ, குஞ்சு பொரிக்கிறது என்றோ அது சொல்லாது. எடுத்துப்போகும் குப்பிகளில் ஒன்றில் சுத்த நீரை மட்டும் நிரப்பி, மற்றவற்றோடு சேர்த்தே அனுப்புங்கள். அதிலும் மீனின் தடயம் வந்தால் கோளாறு உங்கள் கையில்தான்.

விலக்குவதற்கான காலம் குறுகியது. குஞ்சு தென்படுவதற்கு முன், வந்த பெரிய மீன்களைப் பிடித்து முடித்துவிட்டால் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு செலவு பல மடங்கு. மீன் பிடித்தே ஒழித்துவிடலாம் என்று பெரியவற்றை மட்டும் எடுத்தால், மிஞ்சிய குஞ்சுகளுக்கு இரையும் இடமும் தாராளமாகக் கிடைத்து முன்னைவிட வேகமாகத் தேறும். தன் குஞ்சையே தின்னும் இனங்களில் இது இன்னும் மோசம். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் ஏரியில் ஏரி ட்ரவுட் என்ற அயல் வேட்டை மீன் 1994இல் கண்டுபிடிக்கப்பட்டது. கிளியர் க்ரீக் என்ற ஓடையில் முட்டையிட ஏறும் நாட்டு கட்த்ரோட் ட்ரவுட், 1978இல் 70,000ஐத் தாண்டியிருந்தது, 2007இல் சில நூறாகச் சுருங்கியது. இன்றுவரை லட்சக்கணக்கில் ஏரி ட்ரவுட்டை வலை போட்டு எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். கூடவே முட்டையிடும் பாறைப் பரப்புகளைக் கண்டுபிடித்து அங்கே மீன் உடல்களையும், பிறகு தாவரப் பொருளில் செய்த உருண்டைகளையும் கொட்டினார்கள். அவை அழுகி ஆக்ஸிஜனை இழுத்துக்கொள்ள, முட்டைகள் பொரிக்காமல் சாகின்றன. எண்ணிக்கையை இறக்குவது பெரும்பாலும் வலைதான், முட்டைத்தளத்தைத் தாக்குவது அதற்குத் துணை.

நஞ்சிட்டுக் கொல்லலாமா என்று கேட்பவர்கள் முதலில் அளவைக் கணக்கிட வேண்டும். குளத்தில் வேண்டாத மீனைக் கொல்ல இலுப்பைப் பிண்ணாக்கு ஒரு ஹெக்டேருக்கு, ஒரு மீட்டர் ஆழ நீருக்கு 2,500 கிலோ. சராசரி மூன்று மீட்டர் ஆழமுள்ள 100 ஹெக்டேர் ஏரிக்கு அது 750 டன். நாட்டு மீனும் சேர்ந்து சாகும். ஆகவே இது நாற்றங்கால் குளத்துக்கான வைத்தியம், ஏரிக்கானது இல்லை. நீரை வடித்துவிட்டால் போதும் என்பதும் எல்லா மீனுக்கும் பொருந்தாது. டேங்க் கிளீனர் என்று தொட்டிகளில் வளர்க்கும் கவசக் கெளுத்தி கரையில் வளை தோண்டி அந்த ஈரத்திலேயே தங்கிவிடும். ஆப்பிரிக்கக் கெளுத்திக்குக் காற்றிலிருந்தே மூச்சிழுக்கத் தெரியும். ஏரி வற்றிய பிறகு வளைகளையும் மதகடிக் குட்டைகளையும் ஒவ்வொன்றாகத் தோண்டிப் பார்க்காமல் திரும்ப நீர் நிரப்பக் கூடாது.

கலிபோர்னியாவின் டேவிஸ் ஏரியில் வட பைக் மீன் 1994இல் தென்பட்டது. 1997இல் ஏரி முழுக்க ரோட்டனோன் என்ற மீன்கொல்லி நஞ்சை இட்டார்கள். 1999இல் மீன் மறுபடி வந்தது. தப்பிப் பிழைத்தவையா, யாரோ திரும்ப விட்டவையா என்ற வாதம் நடந்தது. அடுத்த எட்டு ஆண்டு வலையும் மின்சாரமும் வைத்துப் பல்லாயிரம் பைக்கை எடுத்தும் தீரவில்லை. 2007இல் ஏரியின் மட்டத்தை இறக்கி, அதில் விழும் ஓடைகளையும் விடாமல் நஞ்சிட்ட பிறகுதான் முடிந்தது. ஒழித்துவிட்டோம் என்று சொல்லும் ஏரியிலும் அதே பத்து இடங்களில், அதே இழுவலையால், குறைந்தது அடுத்த இரண்டு முட்டைப் பருவம் முடியும் வரை மாதாமாதம் இழுத்துக்கொண்டிருங்கள். அந்த மீன் பருவத்துக்கு வர மூன்று ஆண்டு ஆகுமென்றால் அந்த மூன்று ஆண்டும் இழுங்கள். ஓடைவாயையும் களைக்கரையையும் மட்டும் ஒருமாதம்கூட விட்டுவிடாதீர்கள்.